குடிக்கிறதா, வைக்கிறதா, விக்கிறதா? கடலடியில் கிடந்த 168 போத்தல்களின் கதை

2010 ஆம் ஆண்டு ஜூலை மாதம், போல்டிக் கடலில், பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையில் இருக்கிற ஓலண்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பாய்க்கப்பலின் சிதைவைச் சுழியோடிகள் கண்டுபிடித்தார்கள். ஆழம் ஏறக்குறைய 50 மீற்றர். உள்ளே நிறையப் போத்தல்கள் கிடந்தன. கப்பல் எந்தக் காலத்தது என்று கணிப்பதற்காக ஒரு போத்தலை மட்டும் மேலே கொண்டுவந்தார்கள். மேலே வந்ததும் வெளி அழுத்தம் குறைந்து தக்கை தானாகவே நகரத் தொடங்கிவிட்டது. மணந்து பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் குடித்தும் பார்த்தார்கள். நல்ல இனிப்பு. அது ஷாம்பெயின்.

பிறகு கப்பலை முழுசாகத் தேடி எடுத்ததில் மொத்தம் 168 ஷாம்பெயின் போத்தல்கள் வந்தன. கூடவே சில பியர் போத்தல்களும் இருந்தன. ஷாம்பெயினில் 95 ஜூக்லார் என்ற, இப்போது அந்தப் பெயரில் இல்லாத ஒரு நிறுவனத்தினது. 46 வேவ் கிளிக்கோ. குறைந்தது 4 ஹைட்சிக். இந்தப் போத்தல்கள் 19 ஆம் நூற்றாண்டின் முதற்பாதியைச் சேர்ந்தவை, கிட்டத்தட்ட 170 வருடம் தண்ணிக்குள்ள கிடந்தவை என்பது பிறகு உறுதியானது.

சரி, இப்ப என்ன செய்யிறது? குடிக்கிறதா, வைக்கிறதா, விக்கிறதா?

பணக்காரரின் வீட்டுப் பிரச்சினை போல இருக்கிற இந்தக் கேள்வியை ஒரு வரலாற்றுக் கட்டுரைக்குள் கொண்டுவர ஒரு காரணம் இருக்கு. வரலாறு படிக்கிற நாங்கள் மூலங்களோடு வேலை செய்கிறோம். ஒரு ஓலைச்சுவடியை நூறு பேர் வாசிக்கலாம், படம் எடுக்கலாம், நாளைக்கு இன்னொருவர் வந்து முந்தினவர் வாசித்தது பிழை என்று சொல்லலாம். கல்வெட்டும் அப்படித்தான். ஒரு ஷாம்பெயின் போத்தலை ஒரே ஒரு தடவைதான் வாசிக்க ஏலும். திறந்தால் முடிந்தது. திறக்காவிட்டால் உள்ளே என்ன இருக்கென்றே தெரியாது. வாசித்தால் அழிகிற மூலத்தை என்ன செய்யிறது என்பதுதான் இங்கே உள்ள கேள்வி. அதை முடிவு செய்யிற உரிமை யாருக்கு என்பது அதோடு சேர்ந்தே வருது.

பழசானால் என்ன நடக்கும்?

எங்கட கள்ளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. காலையில இறக்கினதை அன்றைக்கே குடிக்க வேண்டும், விட்டால் புளிக்கும், அதற்கப்பால் வினாகிரிதான். அதனால் கள்ளைச் சேமித்து வைத்துப் பெருமை பேசினவர் எவரும் இல்லை. வைன் வேறு மாதிரி. அதிலும் ஷாம்பெயின் இன்னும் வேறு மாதிரி.

ஷாம்பெயின் என்பது பிரான்சின் வடகிழக்கில், ரேம்ஸ், எப்பர்னே என்ற ஊர்களைச் சுற்றி இருக்கிற ஷாம்பெயின் பகுதியில் செய்யப்படுகிற வைன். முதலில் சாதாரண வைனாகப் புளிக்க வைப்பார்கள். பிறகு கொஞ்சம் சீனியும் ஈஸ்டும் சேர்த்துப் போத்தலுக்குள் அடைத்து இரண்டாம் முறையும் புளிக்க வைப்பார்கள். அப்போது உண்டாகிற வாயு வெளியேற வழியில்லாமல் வைனுக்குள்ளேயே கரைந்துவிடும். தக்கையைத் திறக்கும்போது கேட்கிற சத்தத்துக்கும் குமிழ்களுக்கும் அதுதான் காரணம். இன்றைய போத்தல் ஒன்றுக்குள் 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கும்.

கடையில் கிடைக்கிற பெரும்பாலான ஷாம்பெயின் பல வருட வைன்களைக் கலந்து செய்தது. ஒரு வருடத்து விளைச்சல் நல்லாக அமைந்தால் அந்த ஒரு வருடத்துத் திராட்சையில் மட்டும் செய்து, போத்தலில் அந்த ஆண்டைப் போட்டு விற்பார்கள். அதைத்தான் விண்டேஜ் என்கிறார்கள். 1907, 1914, 1928 என்று போத்தலில் ஒரு ஆண்டு இருந்தால் அந்த ஆண்டின் வெயிலும் மழையும், சில நேரம் போரும் அதற்குள்ளே இருக்கு என்று அர்த்தம்.

இது எவ்வளவு காலம் நிற்கும்? தக்கை ஒரு மரப்பட்டை. வருடக்கணக்கில் அது சுருங்கும், இறுகும், வாயு மெல்ல மெல்லக் கசியும், வெளிக்காற்று உள்ளே போகும். வெளிச்சமும் சூடும் இதை விரைவாக்கும். ஆகவே "வைத்திருக்கிறேன்" என்று சொல்லும்போது நாங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கிறோம் என்று நினைக்கக்கூடாது. போத்தலுக்குள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். ஒரு கட்டம் வரைக்கும் அந்த வேலை வைனை நல்லாக்கும். பிறகு கெடுக்கும். அந்தக் கட்டம் எது என்று வெளியில இருந்து பார்த்துச் சொல்ல ஏலாது.

ஓலண்ட் போத்தல்கள் தப்பினது இடத்தால. கடலடியில் வெளிச்சம் இல்லை. வெப்பநிலை 2 முதல் 4 பாகை செல்சியஸ். போல்டிக் கடலில் உப்பும் குறைவு. 50 மீற்றர் ஆழத்தில் தண்ணியின் அழுத்தம் போத்தலுக்குள்ளே இருந்த அழுத்தத்துக்கு ஏறக்குறையச் சமன், ஆகவே தக்கையை வெளியே தள்ளுகிற விசையும் இல்லை. எந்தப் பிரபுவின் நிலவறையும் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்காது.

திறந்ததால் தெரிந்தது

கண்டுபிடித்த முதல் நாட்களில் ஒரு அழகான கதை உலகம் முழுக்கச் சுற்றியது. இந்த ஷாம்பெயின் 1780களைச் சேர்ந்தது, பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி ரஷ்ய அரச சபைக்கு அனுப்பிய பரிசாக இருக்கலாம் என்பதுதான் அந்தக் கதை. புரட்சிக்கு முந்தின பிரான்ஸ், ஒரு ராஜா, ஒரு பரிசு, மூழ்கின கப்பல். பத்திரிகைகளுக்கு வேறென்ன வேணும்?

இந்தக் கதையை உடைத்தது தக்கைதான். போத்தல்களில் ஒட்டியிருந்த காகிதம் எல்லாம் தண்ணியில எப்போதோ போய்விட்டது. செய்தவரின் அடையாளம் தக்கையின் அடிப்பக்கத்தில் சூடு வைத்துப் பொறிக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கம் வைனைத் தொட்டுக்கொண்டு உள்ளே இருக்கிற பக்கம். தக்கையை எடுத்தால்தான் அதை வடிவாகப் பார்க்கலாம். வேவ் கிளிக்கோ தக்கைகளில் ஒரு வால்வெள்ளி இருந்தது. 1811 இல் ஐரோப்பிய வானத்தில் மாதக்கணக்காகத் தெரிந்த பெரிய வால்வெள்ளியின் நினைவாகத்தான் அந்த நிறுவனம் இந்தச் சின்னத்தை எடுத்துக்கொண்டது. 1811 வால்வெள்ளி பொறித்த தக்கை 1780களில் இருந்திருக்க முடியாது. பதினாறாம் லூயி 1793 இலேயே தலை இழந்துவிட்டார். ராஜாவின் பரிசுக் கதை அத்தோடு முடிந்தது.

அந்த இடத்துக்கு வந்தது ஒரு விதவையின் கதை. வேவ் என்றால் பிரெஞ்சில் விதவை. பார்ப் நிக்கோல் பொன்சார்டான் 1777 இல் பிறந்தவர். 1805 இல் கணவர் கிளிக்கோ இறந்தபோது அவருக்கு வயது 27. அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சட்டத்தில் கலியாணமான பெண் கணவனின் அனுமதியில்லாமல் சொந்தமாகத் தொழில் நடத்த முடியாது. விதவை நடத்தலாம். அவர் நடத்தினார். நெப்போலியன் போர்களால் வியாபாரப் பாதைகள் அடைபட்டிருந்த நேரம், 1814 இல், போட்டியாளர்கள் முந்துவதற்குள் ஒரு டச்சுக் கப்பலில் 10,550 போத்தல்களைக் கோனிக்ஸ்பெர்க் துறைமுகத்துக்கு அனுப்பினார். ரஷ்யச் சந்தை அப்படித்தான் அவர் கைக்கு வந்தது. போத்தலைத் தலைகீழாகச் சரித்து வைத்து உள்ளே இருக்கிற மண்டியை வாய்ப்பக்கம் சேர்த்து எடுக்கிற முறையும் 1816 அளவில் அவருடைய நிலவறையில் உருவானதாகத்தான் சொல்லப்படுது. கலங்கின ஷாம்பெயின் தெளிந்தது அதற்குப் பிறகுதான்.

இவை காகிதத்தில் ஏற்கனவே இருந்த விஷயங்கள். காகிதத்தில் இருந்து மட்டும் தெரிந்திருக்க முடியாத விஷயம் சுவை. 2015 இல் ரேம்ஸ் பல்கலைக்கழகத்தின் பிலிப் ஜோந்தே என்ற உயிரிரசாயன அறிஞரும் அவருடைய குழுவினரும் இந்தப் போத்தல்கள் சிலவற்றில் இருந்து எடுத்த மாதிரிகளின் பகுப்பாய்வை வெளியிட்டார்கள். சீனியின் அளவு லீற்றருக்குக் கிட்டத்தட்ட 150 கிராம். இன்றைக்குச் சாதாரணமாக விற்கிற ஷாம்பெயினில் லீற்றருக்கு 10 கிராமளவில்தான் இருக்கும். நாங்கள் குடிக்கிற கோலாவில் 100 கிராமுக்குக் கொஞ்சம் மேல. 19 ஆம் நூற்றாண்டின் ஷாம்பெயின் கோலாவை விட இனிப்பு! மதுசாரம் 9.5 சதவீதமளவு, இன்றைக்கு 12 சதவீதத்துக்கு மேல். இரும்பின் அளவும் கூட இருந்தது. அந்தக் காலத்தில் வைனை வைத்திருந்த பீப்பாக்களிலும் பாத்திரங்களிலும் இருந்து அது வந்திருக்கலாம்.

இந்த 150 என்ற எண்ணில் இன்னொரு தகவலும் ஒளிந்திருக்கு. அந்தக் காலத்துக் கடிதங்களின்படி ரஷ்யர்களுக்கு இனிப்பு இன்னும் கூட வேண்டும், லீற்றருக்கு 300 கிராமளவு. இங்கிலாந்துக்காரருக்கு மிகக் குறைய வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் அளந்து சீனி போட்டு அனுப்பினார்கள். ஆகவே இந்தப் போத்தல்கள் ரஷ்யாவுக்குப் போகாமல் ஜேர்மன் நாடுகளை நோக்கிப் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் யோசித்தார்கள். கப்பல் எங்கே போனது என்பதைச் சீனி சொல்லுது. ஒரு வரலாற்று மாணவருக்கு இதைவிட ருசியான விஷயம் கிடையாது.

சுவைத்தவர்களின் குறிப்பும் அந்த ஆய்வில் இருக்கு. திறந்த உடனே மிருக வாடை, நனைந்த முடியின் மணம், சிலதில் சீஸ் மணம். காற்றுப் பட்ட பிறகு புகை, மசாலா, தோல் பொருட்களின் வாசனை, அதோடு பழமும் பூவும். ஜோந்தேக்குச் சுவைக்கக் கிடைத்தது 100 மைக்ரோலீற்றர், அதாவது ஒரு மில்லிலீற்றரின் பத்தில் ஒரு பங்கு. ஷாம்பெயின் பற்றியே வாழ்நாள் முழுக்க ஆய்வு செய்த மனிதருக்கு ஓரிரு துளி! அந்தச் சுவை வாயில் மணிக்கணக்காக நின்றதாம்.

இது எல்லாம் யாரோ திறந்ததால் வந்த அறிவு. 168 போத்தலையும் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் இன்றைக்கும் நாங்கள் பதினாறாம் லூயியின் பரிசு என்று அருங்காட்சியக அட்டையில் எழுதி வைத்திருப்போம்.

விற்றது யார், வாங்கினது எதை?

ஓலண்ட் என்ற பெயர் எங்கட ஆக்களுக்கு அதிகாரப் பகிர்வுக் கதைகளில் அடிபடுகிற பெயர். பின்லாந்தின் கீழ் இருக்கிற, சுவீடிஷ் மொழி பேசுகிற, கிட்டத்தட்ட 30,000 பேர் வாழ்கிற தீவுகள். 1921 இல் சர்வதேச சங்கம் இந்தத் தீவுகள் பின்லாந்துக்கு என்று முடிவு செய்தபோது, மொழிக்கும் சுயாட்சிக்கும் உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தது. இன்றைக்கும் ஓலண்டுக்குத் தனிப் பாராளுமன்றம் இருக்கு. தங்கட கடலில் கிடக்கிற பழைய கப்பல்கள் பற்றின சட்டமும் அவர்களுடையது. நூறு வருடத்துக்கு மேல் பழைய சிதைவுகளும் அவற்றில் உள்ள பொருட்களும் ஓலண்ட் மாகாண அரசுக்குச் சொந்தம். ஆகவே போத்தல்கள் கண்டுபிடித்த சுழியோடிகளுக்கும் போகவில்லை, ஹெல்சிங்கிக்கும் போகவில்லை, ஷாம்பெயின் நிறுவனத்துக்கும் போகவில்லை. என்ன செய்யிறது என்று முடிவு எடுக்க வேண்டியது அந்தச் சின்ன அரசுதான்.

அவர்கள் மூன்றையும் செய்தார்கள். 2010 நவம்பரில் தலைநகர் மரியஹாம்னில் நிபுணர்களையும் பத்திரிகையாளர்களையும் கூப்பிட்டு ஒரு வேவ் கிளிக்கோவையும் ஒரு ஜூக்லாரையும் திறந்து சுவைக்கக் கொடுத்தார்கள். 2011 ஜூனில் அதே ஊரில் இரண்டு போத்தல்களை ஏலம் விட்டார்கள். வேவ் கிளிக்கோ 30,000 யூரோவுக்கும் ஜூக்லார் 24,000 யூரோவுக்கும் போனது. 2012 ஜூனில் இன்னும் 11 போத்தல்கள் ஏலத்துக்குப் போயின, அப்போது முதல் வருடத்து விலை கிடைக்கவில்லை. கிடைக்கிற பணம் கடல்சார் தொல்லியலுக்கும் போல்டிக் கடலின் சுற்றுச்சூழலுக்கும் என்று அறிவித்திருந்தார்கள். மிச்சத்தின் பெரும்பகுதியை வைத்துக்கொண்டார்கள்.

இந்த ஒழுங்கைக் கொஞ்சம் கவனியுங்கோ. முதலில் சுவைத்தார்கள், பிறகுதான் விற்றார்கள். குடிக்கக்கூடிய நிலையில் இருக்கு என்று சிலர் குடித்துச் சொன்னதால்தான் 30,000 யூரோ வந்தது. யாரும் திறக்காத போத்தலுக்கு அந்த விலை வந்திருக்காது. விலை என்பது வேறு யாரோ குடித்துக் கொடுத்த சாட்சியத்தின் மேல் நிற்குது.

இதே கடலில் இன்னொரு கப்பலின் கதை வேறு மாதிரி முடிந்தது. யோன்ஷோப்பிங் என்ற சுவீடிஷ் பாய்க்கப்பல். 1916 நவம்பர் 3 ஆம் திகதி, முதலாம் உலகப் போரின் நடுவில், ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்று அதைப் பின்லாந்துக் கரைக்கு அப்பால் மூழ்கடித்தது. அதில் ஆயிரக்கணக்கான போத்தல்கள் 1907 ஹைட்சிக் மொனோபோல் இருந்தது, அசல் விண்டேஜ். 1997 இல் சிதைவைக் கண்டார்கள், 1998 இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போத்தல்களை மேலே எடுத்தார்கள். மீட்டவர்கள் தனியார். ஏலத்துக்கும் ஆடம்பர ஹொட்டேல்களுக்கும் போத்தல்கள் போயின. "சார் மன்னருக்குப் போன ஷாம்பெயின்" என்ற கதை அதற்கு நல்ல விளம்பரம். இன்றைக்கு இணையத்தில் உலகின் விலை கூடின ஷாம்பெயின் என்று தேடினால் இந்தப் போத்தலுக்குப் பக்கத்தில் தலை சுற்றுகிற எண்கள் வரும். அநேகமானவை ஒன்றையொன்று பார்த்து எழுதினவை.

வியாபாரம் என்றாலே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. விலை இருக்கிறதால்தான் பல போத்தல்கள் கவனமாகப் பாதுகாக்கப்படுகின்றன. 2008 இல் ஹொங்கொங் வைனுக்கான வரியை முழுசாக நீக்கியதும் அந்த நகரம் உலக வைன் ஏலங்களின் மையங்களில் ஒன்றானது. வாங்குகிறவர் குடிக்க வாங்கலாம், ஐந்து வருடத்தால திரும்ப விற்கவும் வாங்கலாம். பிரச்சினை தொடங்குவது எல்லாரும் விற்பதற்கு மட்டும் வாங்கும்போது. ஒருவரும் திறக்காத சந்தையில் உள்ளே இருக்கிறது அசலா போலியா என்று யாருக்குத் தெரியும்? ரூடி குர்னியாவன் என்ற வைன் வியாபாரி அமெரிக்காவில் தன் வீட்டிலேயே விலை குறைந்த வைன்களைக் கலந்து, பழைய போத்தல்களில் அடைத்து, போலிக் காகிதம் ஒட்டிக் கோடிக்கணக்கில் விற்றார். 2013 இல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அவர் அதிகம் போலி செய்தது ஷாம்பெயின் இல்லை, பர்கண்டி வைன். ஆனால் பாடம் ஒன்றுதான். அவர் விற்ற ஒரு தொகுதியின் ஆண்டுகள் 1945 இல் இருந்து தொடங்கின. அந்த நிறுவனமோ அந்த வைனை 1980களில்தான் செய்யத் தொடங்கியிருந்தது.

வைத்திருக்கிறவர்களின் கணக்கு

விற்கவும் மாட்டோம், குடிக்கவும் மாட்டோம் என்று வைத்திருக்கிறவர்களின் பக்கமும் நியாயம் இருக்கு. அதற்கு 1914 ஆம் ஆண்டு விண்டேஜைப் பார்க்க வேணும்.

1914 செப்டெம்பர் தொடக்கத்தில் ஜேர்மன் படை ரேம்ஸையும் எப்பர்னேயையும் பிடித்தது. மார்ன் சண்டைக்குப் பிறகு சில நாட்களிலேயே பின்வாங்கியது. ஆனால் தூரப் போகவில்லை. ரேம்ஸுக்கு வெளியே மேட்டுநிலங்களில் நின்றுகொண்டு நான்கு வருடம் ஷெல் அடித்தது. செப்டெம்பர் 19 ஆம் திகதி ரேம்ஸ் தேவாலயம் எரிந்தது. திராட்சை பறிக்கிற காலமும் அந்தச் செப்டெம்பர்தான். ஆண்கள் போருக்குப் போய்விட்டார்கள். பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும் தோட்டத்தில் இறங்கிப் பறித்தார்கள். ஷெல்லில் பிள்ளைகளும் செத்தார்கள். நிலைமையைப் பார்த்து முன்கூட்டியே பறித்த பழத்தில் அமிலம் கூட இருந்தது. அமிலம் கூட இருக்கிற ஷாம்பெயின் கன காலம் நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒன்றாக 1914 பேசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரேம்ஸ் மக்கள் ஷாம்பெயின் நிறுவனங்களின் சுண்ணாம்புக்கல் நிலவறைகளுக்குள் போய் இருந்தார்கள். அங்கே சமைத்தார்கள், படுத்தார்கள், பூசை கேட்டார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அங்கேயே நடந்தது. பங்கர் என்றால் என்ன என்று எங்களில் அநேகம் பேரின் வீடுகளில் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பங்கருக்குள்ளே ஒரு பக்கம் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்க, மறுபக்கம் போத்தல்கள் அடுக்கடுக்காக நித்திரை கொண்டிருந்தன என்று நினைத்துப் பாருங்கோ.

இப்படி ஒரு போத்தல் உங்கட கையில் இருந்தால் அதைக் கலியாண வீட்டில் சத்தத்தோடு திறக்க மனம் வருமா? ஏலத்தில் "அரியது" என்று போடும்போது ஏன் அரியது என்பதையும் யோசிக்க வேணும். தோட்டம் போர்க்களமானதால் அரியது, பறித்தவர் செத்ததால் அரியது. விலையில் அதற்கும் ஒரு பங்கு இருக்கு, ஆனால் அந்தப் பங்கு பறித்தவரின் குடும்பத்துக்குப் போவதில்லை. இந்த இடத்தில் வைத்திருக்கிறவர் சொல்வது எனக்கு விளங்குது. சில பொருட்கள் சாட்சிகள், சாட்சியைக் குடித்து முடிக்கக்கூடாது என்று அவர் நினைக்கிறார்.

ஆனால் தக்கைக்கு இது விளங்காது. 1914 இன் தக்கைக்கும் நூறு வயது தாண்டிவிட்டது. நிலத்தில் இருக்கிற போத்தலுக்கு போல்டிக் கடலின் பாதுகாப்பு இல்லை. திறக்காமலே வைத்தால் ஒரு நாள் அது பழுப்புத் தண்ணி உள்ள கண்ணாடி. அப்போது அந்தப் பெண்களும் பிள்ளைகளும் பறித்த பழத்தின் சுவை எவருடைய நாக்கிலும் படாமலே போயிருக்கும். அவர்கள் அதைப் பறித்தது யாரோ குடிப்பதற்காக.

எப்பர்னேயில் இருக்கிற பெரியே-ஜுவே நிறுவனம் இதை ஒரு மாதிரிக் கையாண்டது. அவர்களிடம் 1825 ஆம் ஆண்டு விண்டேஜில் மூன்று போத்தல்கள் இருந்தன. 2009 இல் உலகின் பல நாடுகளிலிருந்து பன்னிரண்டு நிபுணர்களைக் கூப்பிட்டு, வேறு பழைய ஆண்டுகளோடு சேர்த்து ஒன்றைத் திறந்தார்கள். 184 வருடத்துக்குப் பிறகும் அது குடிக்கக்கூடியதாக இருந்தது. குறிப்பு எழுதினார்கள். மற்ற இரண்டையும் வைத்தார்கள். விளம்பரமும் அதில் இருந்தது, மறுக்கவில்லை. இருந்தாலும் அந்தச் சுவை இப்போது பன்னிரண்டு பேரின் ஞாபகத்திலும் எழுத்திலும் இருக்கு. மூன்றும் மூடியே இருந்திருந்தால் அதுவும் இல்லை.

அப்ப என்ன முடிவு?

குடி, வை, வில் என்ற மூன்றையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தித்தான் இந்தக் கேள்வியை வழமையாகக் கேட்கிறார்கள். இந்தக் கதைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது, மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பது. யாரும் குடிக்காவிட்டால் விலைக்கு அர்த்தமில்லை, போலியும் பிடிபடாது. விலை இல்லாவிட்டால் பாதுகாக்கவும் தேடி எடுக்கவும் காசு வராது. வைத்திருக்காவிட்டால் நாளைக்கு இன்னும் நல்ல கருவியோடு வருகிற ஆய்வாளருக்கு ஒன்றும் மிஞ்சாது. 2015 இல் செய்த பகுப்பாய்வை 1998 இல் அதே அளவுக்குச் செய்திருக்க முடியாது. 2060 இல் வருகிறவர் ஒரு துளியில் நாங்கள் கனவிலும் நினைக்காததை வாசிக்கலாம்.

ஆகவே நிறையப் போத்தல்கள் கிடைத்தால் ஓலண்ட் செய்ததுதான் சரியென்று நினைக்கிறேன். கொஞ்சம் திற, திறந்ததை வடிவாக எழுதிவை. கொஞ்சம் வில், வந்த காசை அந்தக் கடலுக்கே திருப்பிக் கொடு. மிச்சத்தை வை. வைக்கிறது எதற்காக, யார் எப்போது திறக்கலாம் என்பதையும் சேர்த்து முடிவு செய். இதில் முக்கியம், இந்த முடிவை ஒரு பணக்காரர் தன் நிலவறையில் தனியாக எடுக்கவில்லை. அந்தத் தீவு மக்கள் தெரிவு செய்த ஒரு அரசு எல்லாருக்கும் தெரியக்கூடியதாக எடுத்தது. அதை விமர்சிக்கலாம், ஏன் விற்றாய் என்று கேட்கலாம். கேட்கக்கூடிய இடத்தில் அந்த முடிவு இருந்தது. யோன்ஷோப்பிங் போத்தல்களைப் பற்றி யாரிடம் போய்க் கேட்கிறது?

ஒரே ஒரு போத்தல்தான் இருக்கென்றால்? அப்போது பங்கு பிரிக்க ஏலாது. என்னைக் கேட்டால் திறக்கலாம் என்பேன். தனியாக இல்லை, பல பேரோடு. ஒருவர் கட்டாயம் குறிப்பு எழுத வேணும், தக்கையைப் படம் எடுக்க வேணும், ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சத்தை ஆய்வுகூடத்துக்கு ஒதுக்க வேணும். பிறகு குடியுங்கோ. போத்தலின் கண்ணாடியும் தக்கையும் எழுதின குறிப்பும் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். உள்ளே இருந்தது போய்ச் சேர வேண்டிய இடம் ஒரு மனிதரின் வாய்தான்.

2014 இல் வேவ் கிளிக்கோ நிறுவனம் ஓலண்டுக்கே திரும்பப் போய், புதிய ஷாம்பெயின் போத்தல்கள் சில நூறைச் சுமார் 40 மீற்றர் ஆழத்தில் கடலடியில் இறக்கி வைத்தது. அதே வகைப் போத்தல்களை ரேம்ஸில் உள்ள தன் நிலவறையிலும் வைத்திருக்கு. இடைக்கிடை இரண்டிலும் இருந்து எடுத்துத் திறந்து, ஒப்பிட்டு, குறிப்பு எழுதுவது திட்டம். பல பத்து வருடங்களுக்கு நடக்க வேண்டிய வேலை அது. முடிவைச் சுவைத்து எழுதப்போகிறவர்களில் சிலர் இன்னும் பிறந்தே இருக்கமாட்டார்கள்.